அடி மூடியில் ஒட்டியிருந்த எண்

மடிக்கணினியைக் குப்புறப் போட்டு, அடிப்பக்கம் ஒட்டியிருந்த பொடி எழுத்தை அக்கா நான்காவது முறையாகப் படித்தாள். மேசை மேல் ஸ்பீக்கரில் கிடந்த போனிலிருந்து தம்பி நான்காவது முறையாக, "சரியாப் படிச்சியா?" என்று கேட்டான்.

"நாலு நாலு ஒண்ணு சைபர். வேணும்னா ராகம் போட்டுப் பாடட்டுமா?"

"கோவப்படாதக்கா. கம்ப்யூட்டர் வேலைக்குப் பொறுமைதான் முக்கியம்."

இதை வேறு யார் வேண்டுமானாலும் சொல்லலாம்; இவன் சொல்லக்கூடாது. காலை பத்து மணிக்குப் பார்சலைப் பிரித்தபோது, "எல்லாம் போட்டு அனுப்பியிருக்கேன், டிரைவர் மட்டும்தான் பாக்கி, ரெண்டு நிமிஷ வேலை" என்றவன் இவன்தான். இப்போது மணி ஒன்றரை. அவளுடைய சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமல் ஜன்னல் திட்டில் உட்கார்ந்திருந்தது.

அக்காவுக்குத் தொழில் காது. ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடியில் இரண்டு அறை. முன்னறையில் நான்கு நாற்காலிகளும் காத்திருப்பவர்கள் புரட்டிப் புரட்டிக் கிழிந்துபோன பத்திரிகைகளும். உள்ளறையில் ஒரு மேசை, ஒரு அலமாரி, நோயாளி உட்கார ஒரு சுழல் நாற்காலி. வருகிறவருக்கு எவ்வளவு கேட்கிறது என்று சோதித்து, அதற்கேற்ற காதுக் கருவியைக் கொடுத்து, அதைக் கணினியோடு இணைத்து, எந்தச் சத்தத்தைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று பதிவது அவள் வேலை. பத்தொன்பது வருடமாகச் செய்கிறாள். காதைப் பற்றி அவளுக்குத் தெரியாதது குறைவு. கணினியைப் பற்றித் தெரிந்தது குறைவு. அந்தக் குறைக்குத்தான் கடவுள் ஒரு தம்பியைக் கொடுத்திருக்கிறார் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். குடும்பத்தில் அவனுக்கு விஞ்ஞானி என்று பெயர். எட்டு வயதில் வீட்டு ரேடியோவைத் திருகு திருகாகப் பிரித்ததற்காகக் கிடைத்த பட்டம் அது. பிரித்த ரேடியோ அப்புறம் பாடவேயில்லை என்பதை எல்லோரும் வசதியாக மறந்துவிட்டார்கள்.

இத்தனை பாடும் யாருக்காக என்றால், ஒரு நர்ஸம்மாவுக்காக. பெரிய ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக வேலை. இடது காது எப்போதோ போய்விட்டது. வலது காது, கருவி இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அந்தக் கருவியை அக்கா எட்டு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தி வைத்திருந்தாள். வார்டில் ஓயாமல் கூவுகிற இயந்திரங்களின் சத்தம் அடங்கி ஒலிக்க வேண்டும், கட்டிலில் கிடப்பவரின் முனகல் மேலே வர வேண்டும், டாக்டர் முகமூடிக்குள் முணுமுணுப்பதும் விளங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நர்ஸம்மா வந்து, "இன்னும் ஒரு பொட்டு கூட்டுங்க, இங்க ஒரு பொட்டு குறைங்க" என்று சொல்லிச் சொல்லிச் சேர்த்த பதிவு அது.

நாளை காலை ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரியில் வருடாந்தர உடல்தகுதிச் சோதனை. முதுகுக்குப் பின்னால் ஒருவர் நின்று மெதுவாக வார்த்தைகளைச் சொல்வார். கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். தவறினால் வார்டிலிருந்து துணிக் கிடங்குக்கு மாற்றம். போர்வையும் தலையணை உறையும் எண்ணிக்கொண்டு மிச்ச வருடங்களை ஓட்ட வேண்டியதுதான். "செத்தாலும் வார்டிலேயே சாவேன் மேடம், போர்வை எண்ண மாட்டேன்" என்று நர்ஸம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கண் சிரிக்கவில்லை.

அந்த எட்டு வருடப் பதிவு இப்போது இல்லை. திங்கட்கிழமை அழிந்துபோனது. அழித்தது அக்கா.

கருவி கொஞ்சம் விசிலடிக்கிறது என்று நர்ஸம்மா கொண்டுவந்திருந்தார். இரண்டு மாதத்துக்கு முன்னால் அக்காவின் பழைய மடிக்கணினி கருகிப்போய், மேசையில் புதுக் கணினி வந்து உட்கார்ந்திருந்தது. அதில் புது மென்பொருள். கருவியை அதில் மாட்டியதும் அது ஒரு கேள்வி கேட்டது. முன்னறையில் மூன்று பேர் காத்திருந்தார்கள்; ஒரு குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. அக்கா கேள்வியைப் படிக்காமல் 'ஆம்' என்று தட்டினாள். புது மென்பொருள் எட்டு வருடத்தையும் ஒரு நொடியில் துடைத்தெடுத்துவிட்டு, அதற்குப் பிறகுதான், இந்தக் கருவி மிகவும் பழையது, இதற்குத் தன்னால் ஒன்றும் செய்ய இயலாது என்று கைவிரித்தது.

நர்ஸம்மாவிடம் அவள் காகிதத்தில் எழுதிக் காட்டியது வேறு: 'மெஷினுக்கு வயசாயிடுச்சு சிஸ்டர். உள்ளே இருந்த பதிவு தானா அழிஞ்சிருக்கு. கவலைப்படாதீங்க, பழைய காப்பி இருக்கு.'

நர்ஸம்மா அதைப் படித்துவிட்டு அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கூடத் தேவலை. அன்றிலிருந்து அக்காவுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. காது கேட்காதவரிடம் போய்ப் பொய் சொன்னோமே என்று வெட்கமாக இருந்தது. உண்மையைச் சொல்ல இரண்டு முறை பேனாவை எடுத்தாள். இரண்டு முறையும் மூடி வைத்தாள்.

பழைய காப்பி இருந்தது உண்மைதான். கருகிய கணினியின் ஹார்ட் டிஸ்க் பிழைத்து, அப்போதே தம்பியிடம் போய்ச் சேர்ந்திருந்தது. ஆனால் அதைத் திறக்கிற பழைய மென்பொருள், பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தில்தான் ஓடும். புதுக் கணினியில் போட்டால் வாசலிலேயே நின்றுவிடும். ஒரு ராத்திரி ரயில் தூரத்தில் இருக்கிற தம்பிக்கு அக்கா போன் போட்டு அழாக்குறையாகச் சொன்னாள். அவனிடம் அலுவலகத்தில் கழித்துக் கட்டிய இரண்டு பழைய மடிக்கணினிகள் இருந்தன. ஒன்றில் அவன் மனைவி கட்டட வரைபடம் போடுகிறாள். சும்மா கிடந்த இன்னொன்றில் பழைய சிஸ்டத்தை ஏற்றி, காப்பியையும் மென்பொருளையும் போட்டுப் பார்சலில் அனுப்பிவைத்தான். அதுவரைக்கும் அவன் தங்கக்கம்பி.

தங்கக்கம்பி செய்த வேலையைத் திறந்து பார்த்தால், எழுத்தெல்லாம் ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமனில் இருந்தது. இன்டர்நெட் இல்லை. கணினிக்குள் என்னென்ன இருக்கிறது என்று காட்டும் பட்டியலில் வரிசையாக மஞ்சள் கேள்விக்குறிகள். உள்ளே இருப்பவை யாரென்று பழைய சிஸ்டத்துக்குத் தெரியவில்லை. ஒவ்வொன்றையும் அறிமுகம் செய்துவைக்க ஒரு டிரைவர் வேண்டும். படம் பெரிதாகத் தெரிவதையும் இன்டர்நெட் இல்லாததையும் அக்கா பொறுத்துக்கொள்வாள். பொறுக்க முடியாதது யூஎஸ்பி. இடது பக்கம் கறுப்பாக இருந்த ஒரு துளை வேலை செய்தது. வலது பக்கம் நீலமாக இருந்த இரண்டும் செத்துக் கிடந்தன. அவளுக்கோ ஒரே நேரத்தில் இரண்டு வேண்டும்: காதுக் கருவியைப் பேசவைக்கும் பெட்டிக்கு ஒன்று, மென்பொருளைத் திறந்துவிடும் கட்டைவிரல் நீளச் சாவிக்கு ஒன்று. சாவியை மாட்டினால் பெட்டிக்கு இடமில்லை. பெட்டியை மாட்டினால் மென்பொருள், சாவி எங்கே என்று கேட்டுவிட்டுப் படுத்துவிடும். கீழே ஜெராக்ஸ் கடையில் ஒரு துளையை நான்காக்கும் ஹப் ஒன்றை இரவல் வாங்கி வந்தாள். அதில் மாட்டினால் பெட்டியின் விளக்கு இரண்டு முறை சிமிட்டி அணைந்தது.

"நீல போர்ட்டுக்கு டிரைவர் போட்டா முடிஞ்சுது" என்றான் தம்பி. "உன் புது கம்ப்யூட்டர்ல அந்தக் கம்பெனி சைட்டுக்குப் போ. அடியில இருக்கிற நம்பரைப் போடு. பழைய சிஸ்டம்னு தேர்ந்தெடு. இறக்கு. பென் டிரைவ்ல எடுத்துட்டுப் போய்ப் போடு."

சொல்வதற்கு ஒரு மூச்சு. செய்வதற்கு முக்கால் மணி. இறக்கியதைக் கொண்டுவந்து தட்டினால், கட்டைவிரல் பருமன் எழுத்தில் ஒரு பெட்டி வந்தது: இந்தச் சாதனம் உங்கள் கணினியில் இல்லை.

"இல்லைன்னு சொல்லுதுடா."

"அதெப்படி இல்லாம போகும்? மறுபடி போடு."

மறுபடி போட்டாள். இல்லை. கணினியை அணைத்து எழுப்பிப் போட்டாள். இல்லை. அதே பக்கத்தில் இருந்த பழைய பதிப்பை இறக்கிப் போட்டாள். அதுவும் இல்லை. கண்ணுக்கு நேராக இரண்டு நீலத் துளைகள் இருக்கின்றன, விரலை விட்டால் நகம் இடிக்கிறது. அது இல்லை என்று ஒரு இயந்திரம் சாதிக்கிறது. அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"நீ ஏதோ தப்பாப் பண்றக்கா."

"என்ன தப்பு? சொல்லு. நீ சொன்னதுதானே பண்றேன்."

"நம்பரை இன்னொரு தடவை படி."

அப்படித்தான் நான்காவது முறை வந்தது.

இரண்டு மணிக்கு நர்ஸம்மா வந்தார். நாலு நாள் லீவுக்குப் பிறகு ஐந்து மணிக்கு அவருக்கு மாலை ஷிஃப்ட், சீருடையிலேயே வந்திருந்தார். காதில் கருவி இல்லாததால் வாசலிலேயே நின்று அக்காவின் உதட்டைப் பார்த்தார். "உட்காருங்க சிஸ்டர். கொஞ்ச நேரம்" என்று அக்கா வாயை அகல அகலத் திறந்து சொன்னாள். நர்ஸம்மா தலையசைத்துவிட்டு முன்னறையில் உட்கார்ந்து, பையிலிருந்து வார்டின் டியூட்டி அட்டவணையை எடுத்துக் கோடு போட ஆரம்பித்தார். காத்திருக்கத் தெரிந்தவர். அவர் முணுமுணுத்திருந்தால் அக்காவுக்கும் பதிலுக்கு ஒரு கடுகடுப்பு கிடைத்திருக்கும். அவர் அமைதியாக இருந்தது இன்னும் குத்தியது.

விஞ்ஞானிக்கு அப்போது ஒரு யோசனை உதித்தது. டிரைவர்களைத் தானே கண்டுபிடிக்கும் ஒரு புரோகிராம் இருக்கிறதாம்; எந்த மெஷினையும் ஒரு பார்வை பார்த்து எல்லாவற்றையும் சரிசெய்துவிடுமாம்.

"இதை ஏன்டா காலையிலேயே சொல்லல?"

"நேர் வழி இருக்கும்போது எதுக்குக் குறுக்கு வழின்னுதான்."

குறுக்கு வழியை அக்கா இறக்கினாள். அது திரை முழுக்கப் பச்சைக் கோடுகளை ஓடவிட்டு, தொண்ணூற்றிரண்டு கோளாறுகள் இருக்கின்றன என்று அறிவித்தது. ஒன்றையும் சரிசெய்யவில்லை. அதற்குப் பதிலாகத் திரையின் மூலையில் ஒரு கடிகாரத்தையும், யாரும் கேட்காத ஒரு வானிலை அறிக்கையையும் ஒட்டிவைத்துவிட்டுப் போனது. கடிகாரத்தில் மணி மூன்று என்று இருந்தது. அது ஒன்றுதான் சரியாக இருந்தது.

"இப்ப எனக்கு மழை வருமான்னு தெரியும். வேற என்னடா தெரியணும்?"

"அக்கா, நீ கத்தறதுல எனக்கு யோசனையே ஓட மாட்டேங்குது."

"நான் கத்தறேனா? ஒரு மனுஷி வெளிய உட்கார்ந்திருக்கா. நாளைக்கு அவ வேலை போகப்போகுது. நீ என்னடான்னா நம்பரைப் படி, நம்பரைப் படின்னு கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிட்டு இருக்க. அந்த நம்பர் எனக்கு மனப்பாடம். தூக்கத்துல எழுப்பிக் கேளு, சொல்றேன்."

கோபத்தில் பாதி அவன் மேல், பாதி திங்கட்கிழமை 'ஆம்' என்று தட்டிய தன் விரல் மேல். அந்தப் பாதியை அவனிடம் அவள் சொல்லவில்லை. கருவி தானாக அழிந்தது என்றுதான் அவனிடமும் சொல்லிவைத்திருந்தாள். ஒரு பொய்யைக் காப்பாற்ற அதே பொய்யை எல்லா இடத்திலும் விதைக்க வேண்டியிருக்கிறது.

அந்தப் பக்கம் போன் கை மாறும் சத்தம் கேட்டது. தம்பியின் மனைவி வந்தாள். கட்டட வரைபடம் போடுகிறவள். எதையும் அளந்துதான் பேசுவாள்.

"அண்ணி, அந்த ஸ்டிக்கரை விட்டுத்தள்ளுங்க. உள்ள என்ன இருக்குன்னு மெஷினையே கேட்டுடலாம். அந்தப் பட்டியல் திறந்திருக்கா?"

"இருக்கும்மா. ஒரே கேள்விக்குறியா நிக்குது."

"யூஎஸ்பின்னு போட்டிருக்கிற கேள்விக்குறி மேல ரெண்டு தட்டு தட்டுங்க. மேல நாலஞ்சு தலைப்பு இருக்கும். கடைசிக்கு முந்தினது. அதுல ஒரு நீள வரி வருதா?"

வந்தது. எழுத்தும் எண்ணுமாகப் பின்னிக் கிடந்த ஒரு வரி.

"அது நீல போர்ட்டை இயக்கற சில்லோட, அதாவது சிப்போட, அடையாள நம்பர். முதல் நாலு எழுத்து எந்தக் கம்பெனி செஞ்சதுன்னு சொல்லும், அடுத்த நாலு என்ன சில்லுன்னு சொல்லும். ஸ்டிக்கரை யார் வேணா எங்க வேணா ஒட்டலாம். இது மாறாது. படிங்க அண்ணி, நான் எழுதிக்கறேன்."

அக்கா ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். தம்பி மனைவி எழுதிக்கொண்டதைத் திருப்பிப் படித்துக் காட்டினாள். அன்று முழுவதும் அக்காவிடம் யாரும் அவ்வளவு மரியாதையாக நடந்துகொள்ளவில்லை. பின்னணியில் தம்பி, "அதெல்லாம் தேவையே இல்ல, அடியில நம்பர்தான் தெளிவா இருக்கே" என்று சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. யாரும் அவனைச் சட்டை செய்யவில்லை.

இரண்டு நிமிடம் கழித்துத் தம்பி மனைவி திரும்பி வந்தாள். குரல் கொஞ்சம் மாறியிருந்தது.

"அண்ணி, இந்தச் சில்லு உங்க மாடல்ல வரவே இல்ல. நாலு நாலு ஒண்ணு சைபர்ல வேற கம்பெனி சில்லு. இது வர்றது நாலு நாலு ஏழு சைபர்ல."

"அது எதும்மா?"

"அது என்னோட லேப்டாப்."

அக்கா மடிக்கணினியைச் சாய்த்து அடியில் இருந்த எண்ணை இன்னொரு முறை பார்த்தாள்.

"இருங்க" என்றாள் தம்பி மனைவி. அங்கே எதையோ அணைத்து எழுப்பும் சத்தம் கேட்டது. "ஆன் பண்ணும்போது எஃப் டூவை அழுத்தினா மெஷின் தன் சொந்தப் பேரைச் சொல்லும். என்னோடதை அழுத்தியிருக்கேன். நாலு நாலு ஒண்ணு சைபர்னு காட்டுது." கணினியைத் திருப்பும் சத்தம். "அடியில நாலு நாலு ஏழு சைபர்னு ஒட்டியிருக்கு."

அக்கா இடுப்பில் கை வைத்தாள். "அங்க விஞ்ஞானி இருக்காரா?"

"இங்கதான் இருக்கார். கால் நகத்தைப் பார்த்துட்டு இருக்கார். அண்ணி, போன மாசம் ரெண்டு லேப்டாப்பையும் ஒண்ணாப் பிரிச்சு, ஃபேன்ல தூசி தட்டறேன்னு சாப்பாட்டு மேசை முழுக்கப் பரப்பினார். டிவியில ஆட்டம் ஓடிட்டு இருந்துச்சு. ரெண்டுக்கும் அடி மூடி ஒரே மாதிரி. அன்னையிலிருந்து என் லேப்டாப் ஆடிட்டே இருக்கு. ஒரு ஸ்க்ரூ வேற மிச்சமாச்சு. கேட்டதுக்கு, கம்பெனிக்காரனே ஒண்ணு கூடுதலாத்தான் போடுவான்னு சொன்னார்."

காலை பத்து மணியிலிருந்து ஐந்து மணி நேரமாக அக்கா வேறொரு கணினியின் அடி மூடியைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. கையில் கிடைத்த சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, ஆறிப்போனதை இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டாள். அப்புறம்தான் பேச்சு வந்தது.

"போனை அவன்கிட்ட குடு."

"சொல்லுக்கா" என்றான் தம்பி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது.

"மூடியை மாத்திப் போட்டியா?"

"மாத்திப் போட்டேன்னு சொல்ல முடியாது. ஆஃபீஸ்லயே அப்படி வந்திருக்கலாம். எங்க மெயின்டனன்ஸ்காரன் ஒருத்தன் இருக்கான், சுத்த மோசம்."

"டேய்."

"இல்லக்கா, டெக்னிக்கலாப் பார்த்தா மூடிங்கறது..."

"ஆளை விடுடா சாமி. சப்பைக்கட்டு கட்டினது போதும்" என்று அக்கா தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு புதுக் கணினியின் முன் உட்கார்ந்தாள். இந்த முறை நாலு நாலு ஏழு சைபர் என்று அடித்தாள். பழைய சிஸ்டத்துக்கான வரிசையில் நீலத் துளைக்கு ஒரு டிரைவர் இருந்தது. இறக்கினாள். பென் டிரைவில் ஏற்றினாள். மாட்டினாள். தட்டினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எத்தனையோ பேரின் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தவள், ஒரு பச்சைக் கோடு நகர்வதை அப்படிப் பார்த்ததில்லை. கோடு முடிந்தது. பட்டியலில் ஒரு மஞ்சள் கேள்விக்குறி காணாமல் போனது.

சாவியை ஒரு நீலத் துளையில் சொருகினாள். பெட்டியை இன்னொன்றில் சொருகினாள். பெட்டியின் விளக்கு சிமிட்டாமல் எரிந்தது. பழைய மென்பொருள், இரண்டு மாதமாக ஒன்றுமே நடக்காததுபோல, அதே சாம்பல் நிற முகத்தோடு திறந்துகொண்டது. நர்ஸம்மாவின் பதிவு எண்ணை அடித்ததும் எட்டு வருடத்துத் திருத்தங்களும் தேதி வாரியாக வந்து நின்றன. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

மணி மூன்றே முக்கால். நர்ஸம்மாவைக் கையசைத்து உள்ளே கூப்பிட்டாள்.

கருவிக்கு நீளமான கேபிளை மாட்டிப் பதிவை ஏற்ற ஆறு நிமிடம் ஆயிற்று. அந்த ஆறு நிமிடமும் இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் அக்கா கேபிளைக் கழற்றி, கருவியைத் துடைத்துக் கொடுத்தாள். நர்ஸம்மா அதைக் காதில் பொருத்திக்கொண்டார். தலையை ஒருமுறை இப்படியும் அப்படியும் திருப்பினார். கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடுகிற சத்தம் மாடிப்படி வழியாக வந்தது. அவர் முகம் தளர்ந்தது.

"வந்துருச்சு மேடம்" என்றார்.

"இப்ப சந்தோஷப்பட வேண்டாம் சிஸ்டர். நாளைக்கு அவங்க எப்படிச் சோதிப்பாங்களோ அப்படியே ஒரு தடவை பார்த்துடலாம்."

நர்ஸம்மாவைச் சுவரைப் பார்த்து, மேசையை ஒட்டி உட்காரவைத்தாள். அவள் இருபத்தைந்து வார்த்தைகள் உள்ள சோதனைத் தாளை எடுத்துக்கொண்டு, அறையின் மறுகோடியில் கதவருகே போய் நின்று, வாயை அட்டையால் மறைத்துக்கொண்டாள். இந்தப் பரபரப்பில் போனை யாரும் நினைக்கவில்லை. அது நர்ஸம்மாவின் முழங்கைக்குப் பக்கத்தில், ஸ்பீக்கர் அணைக்கப்படாமல் மேசையில் கிடந்தது.

"கதவு" என்றாள் அக்கா, மூச்சு விடுகிற அளவுக்கு மெதுவாக.

"கதவு" என்றார் நர்ஸம்மா.

"பாலம்."

"பாலம்."

"ஊசி."

"ஊசி." அதைச் சொல்லும்போது அவர் தோள் லேசாகக் குலுங்கியது. அவருக்குப் பழக்கப்பட்ட வார்த்தை.

பத்து வார்த்தை சரியாக வந்தது. பதினைந்து வந்தது. அக்கா குரலை இன்னும் இறக்கினாள். நாளைக்குச் சோதிப்பவர் எப்படிப்பட்ட கல்நெஞ்சக்காரரோ. பதினெட்டு, பத்தொன்பது, இருபது. ஒவ்வொன்றுக்கும் தாளில் ஒரு குறி போட்டாள். இருபத்தொன்றாவது வார்த்தையைச் சொல்ல வாயைத் திறப்பதற்கு முன்னால் நர்ஸம்மா திருப்பிச் சொன்னார்:

"தப்பு என்னோடதுதான். ஆனா அவங்ககிட்ட சொல்லிடாத."

அக்காவுக்கு ரத்தம் உறைந்துபோயிற்று. திங்கட்கிழமையிலிருந்து அவள் நெஞ்சுக்குள் வைத்திருந்த வார்த்தையை இந்த அம்மா எப்படிக் கேட்டார்? நாம் வாய்விட்டு முணுமுணுத்துவிட்டோமா?

"என்ன சொன்னீங்க சிஸ்டர்?"

"நீங்க சொன்னதைத்தான் சொன்னேன் மேடம். வார்த்தைக்குப் பதிலா வாக்கியம் வந்துச்சு. குரலும் ஆம்பளைக் குரல் மாதிரி இருந்துச்சு. அதுவும் சோதனைதானோன்னு நெனச்சேன்."

அக்கா மேசையைப் பார்த்தாள். போனின் திரையில் அழைப்பு நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் நாலு எட்டில் வந்து அதைக் காதருகே எடுத்தாள். அந்தப் பக்கம் தூரத்தில் தம்பியும் அவன் மனைவியும் பேசிக்கொள்வது கிசுகிசுவென்று கேட்டது. இன்னது என்று அவளுக்கு விளங்கவில்லை. நல்ல காது உள்ள அவளுக்கு விளங்காதது நர்ஸம்மாவுக்கு முழு வாக்கியமாக விளங்கியிருந்தது. போனை அணைத்து வைத்தாள்.

அவனைக் கூப்பிட்டு, மாட்டிக்கொண்டாயா என்று ஒரு பிடி பிடித்திருக்கலாம். காலையிலிருந்து அவள் காத்திருந்ததே அந்த ஒரு வாய்வார்த்தைக்காகத்தான். இப்போது அது கையில் கிடைத்தும் அவளுக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. அந்த வாக்கியத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் தானும் சொல்லிக்கொள்ளலாம் என்பது அவளுக்கு உறைத்தது. அவன் மாற்றியது ஒரு மூடி. இவள் அழித்தது எட்டு வருடம்.

"அது சோதனை இல்ல சிஸ்டர். என் தம்பி. போன் ஆன்ல இருந்துடுச்சு" என்றாள். "திரும்பாதீங்க, அப்படியே உட்காருங்க. இன்னும் அஞ்சு பாக்கி."

கதவருகே திரும்பிப் போனாள். அட்டையால் வாயை மறைத்துக்கொண்டாள். தாளில் இருபத்தொன்றாவது வார்த்தை 'நிழல்' என்று இருந்தது. அவள் அதைச் சொல்லவில்லை. மற்ற இருபதையும் சொன்ன அதே மெல்லிய குரலில் சொன்னாள்:

"திங்கட்கிழமை உங்க பதிவை அழிச்சது நான்தான்."

"திங்கட்கிழமை உங்க பதிவை அழிச்சது நான்தான்" என்று நர்ஸம்மா பழக்கத்தில் திருப்பிச் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் அவர் முதுகு நிமிர்ந்தது.

"படிக்காம ஆமான்னு தட்டிட்டேன்" என்றாள் அக்கா. அட்டையை எடுத்துவிட்டாள், ஆனால் குரல் அதற்கு மேல் எழவில்லை. "தானா அழிஞ்சுதுன்னு எழுதிக் காட்டினது பொய்."

நர்ஸம்மா அதைத் திருப்பிச் சொல்லவில்லை. நாற்காலியைச் சுழற்றி அவளைப் பார்த்தார். திங்கட்கிழமை பார்த்த அதே பார்வை. எத்தனையோ டாக்டர்கள், எத்தனையோ கட்டில்களின் பக்கத்தில் நின்று, உறவினர்களிடம் பூசி மெழுகிச் சொன்னதையெல்லாம் பார்த்த கண். அக்கா தலையைக் குனிந்துகொள்ளாமல் நின்றாள். அது சுலபமாக இல்லை.

"நாலு நாள் நான் தூங்கல மேடம்" என்றார் நர்ஸம்மா. "என் காதுதான் மொத்தமாப் போயிடுச்சோன்னு பயந்துட்டே இருந்தேன்."

மன்னிப்பு என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. அந்த நாலு நாளுக்கு முன்னால் அது மிகச் சின்னதாக இருந்தது.

நர்ஸம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலே கால். நாற்காலியைத் திருப்பிக்கொண்டு மறுபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

"அஞ்சு பாக்கின்னீங்களே" என்றார். "சொல்லுங்க."

"நிழல்" என்றாள் அக்கா.